கேட்டுவிட்டு வாயை மூடுவது எப்படி?

கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு. கொடுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. இரண்டிலும் சேராமல், கேட்பதற்கு ஒத்திகை பார்த்தே காலத்தை ஓட்டும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பிடித்துவந்து உங்கள் முன்னால் நிறுத்தப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்காது. வாயைத் திறந்தால்தானே கடிக்க!

இந்த இனம் எங்கும் உண்டு என்றாலும், நன்றாகக் கொழுத்து வளர்வது கிறிஸ்தவ ஊழியக்காரர்கள் நடுவில்தான். ஊழியம் நடக்க மாதாமாதம் பணம் தந்து கைகொடுக்கச் சிலர் வேண்டும். மாமா, சித்தப்பா, கூடப் படித்தவன், சபையில் பக்கத்து பெஞ்சுக்காரர் என்று தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டாகிவிட்டது. இனிமேல் தெரியாதவர்களைத்தான் கேட்க வேண்டும். தெரியாதவர்களை எங்கே போய்த் தேடுவது? தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போய், "உங்களுக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரை அறிமுகப்படுத்தி வைங்க" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். இதற்காக நம் ஆள் வீட்டுக்குள் நடக்கும் நடை இருக்கிறதே, பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருப்பவன்கூட அப்படி நடக்க மாட்டான்.

எனக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி, வீட்டை நினைத்து ஏங்கும் மாலுமிகளோடு பேசி, ஜெபித்து, அவர்கள் வீட்டுக்குப் போன் பேச வழிசெய்து கொடுப்பது அவருடைய ஊழியம். அதற்கு முன்னால் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நல்ல மனிதர், எனக்கு மிகவும் பிடித்தவர். மொழியே புரியாத மாலுமியைக்கூட டீ ஆறுவதற்குள் சிரிக்க வைத்துவிடுவார். ஆனால் மாதக் கடைசிக்குள் புதிதாக ஆட்கள் சேராவிட்டால், கப்பலுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பழையபடி ஃபிரிட்ஜ் கடைக்கே போக வேண்டியதுதான் என்று அவரை அனுப்பிய சங்கத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சொன்னதோடு விடாமல் ஒரு பயிற்சி வகுப்பும் வைத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் சொன்னது இதுதான்: "கேளுங்க. கேட்டதும் வாயை மூடிக்குங்க. அவங்க யோசிப்பாங்க. அதுக்குள்ள நீங்க பேசினீங்க, காரியம் கெட்டுது."

பாடத்தின் முதல் பாதி அவருக்கு மனப்பாடம். குளியலறைக் கண்ணாடியிடம் கேட்டார். தலையணையிடம் கேட்டார். ஃபிரிட்ஜைத் திறந்து கேட்டார். அது முகம் மலர்ந்து வெளிச்சம் காட்டியது. கடைசியில் மனைவியைப் பிடித்து, ஏற்கெனவே மாதாமாதம் கொடுத்துவரும், இப்போது போய்க் கேட்க வேண்டிய மருந்துக்கடைக்காரராக உட்காரவைத்தார். மருந்துக்கடைக்காரர் என்றால் சாதாரணமில்லை, அந்த வட்டாரத்தில் அவருக்குத் தெரியாத தலைவலி கிடையாது. மனைவியும் கணவரின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, மடிக்க வேண்டிய துணிகளோடு சோபாவில் அமர்ந்தார்.

"வாங்க பிரதர், உக்காருங்க. வீட்ல சௌக்கியமா?"

"ஏம்மா, வீட்ல நீதான் இருக்கே. நேரா விஷயத்துக்கு வா."

"அவர்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரை எனக்கு அறிமுகப்படுத்தி வைக்க முடியுமா?"

மனைவி ஒரு சட்டையை எடுத்து மடித்தார்.

"இப்பவே சொல்லணும்னு இல்லண்ணே. யாரும் இல்லன்னாலும் பரவாயில்ல. நீங்க இப்ப குடுத்துட்டிருக்கறதை நிறுத்தினாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்."

மனைவி கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்க, நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்ல. நீங்களே கேட்டு, நீங்களே இல்லன்னு சொல்லி, நீங்களே மன்னிச்சும் விட்டுட்டீங்க!"

ஒத்திகையில் தடுமாறுபவர் மேடையில் வெளுத்துக்கட்டுவார் என்று நினைக்கிறீர்களா? கட்டினாரே! மருந்துக்கடைக்காரர் வீட்டு வரவேற்பறையில், பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவின் நுனியில் அமர்ந்து, அந்த வாக்கியத்தை ஒரு பிசிறில்லாமல் சொல்லி முடித்தார். வாயையும் மூடினார். மருந்துக்கடைக்காரர் அண்ணாந்து யோசித்தார். முதல் பெயர் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, நான் சத்தியம் செய்யத் தயார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம்.

"அண்ணே, உங்க ஃபிரிட்ஜ் சுவத்துல இடிக்குது" என்றார் நம் ஆள், நீரில் மூழ்குபவனுக்குப் படகு கிடைத்த சந்தோஷத்தோடு. அடுத்த நொடி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் பையிலேயே இருக்கும் ஸ்பேனரோடு சமையலறைத் தரையில் படுத்துவிட்டார். ஃபிரிட்ஜை முன்னால் இழுத்து, அதன் காலைத் திருகிச் சமமாக்கியதும் சத்தம் நின்றது.

மருந்துக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "அடடா, இதனால எங்களுக்குத் தூக்கமே போச்சு பிரதர்! எங்க மச்சான் வீட்லயும் ஃபிரிட்ஜ் இதே தொல்லைதான். கண்ணாடிக்கடைக்காரர் வீட்ல குளிரே இல்லையாம். அவசியம் போய்ப் பாருங்க, நான் சொல்லி வைக்கிறேன்." கேட்டது இரண்டு பேர், வழியனுப்பும்போது வாசலில் நின்று இன்னும் சில பெயர்களை வாரி வழங்கினார். எல்லாம் ஃபிரிட்ஜுக்கு.

"பேர் கிடைச்சுதா?" என்றார் மனைவி, அவர் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"நிறைய."

"ஊழியத்துக்கா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஃபிரிட்ஜ்தான் தன்னை விடமாட்டேன் என்கிறதா, கடவுளே ஊழியத்தை விடச் சொல்கிறாரா என்று அந்த மனிதர் யோசித்துக்கொண்டிருந்தார். கேலி செய்ய உட்கார்ந்த எனக்கே இந்த இடத்தில் மனசு கேட்கவில்லை.

"நாளைக்கு அந்த மச்சான் வீட்டுக்கு நானும் வர்றேன்" என்றார் மனைவி. "நீங்க ஃபிரிட்ஜைப் பாருங்க. கேக்கறதை நான் கேக்கறேன்."

அப்படியே நடந்தது. அவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டார். மனைவி மாலுமிகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார், கேட்டார், வாயை மூடினார். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து, "இல்லண்ணே, இப்பவே சொல்லணும்னு..." என்று ஒரு குரல் கிளம்பியது.

"நீங்க வேலையைப் பாருங்க" என்றார் மனைவி.

மச்சான் சிரித்துவிட்டு, போனை எடுத்துப் பெயர்களைத் தேட ஆரம்பித்தார். அடுத்த மாதமும் நம் ஆள் கப்பல் ஏறினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். லீவு கேட்க மேனேஜர் அறைக்குள் போய், "சும்மாதான் சார், ஃபேன் ஓடுதான்னு பார்க்க வந்தேன்" என்று திரும்பியவர் யார்? நண்பருக்குப் பெண் கேட்கப் போய், அந்த வீட்டுக் குழாயை மெச்சிவிட்டு வந்தவர் யார்? உங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்கு வாய் இருந்தால் சொல்லும். என்னைப் பாருங்கள், எனக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நேராகவே கேட்கிறேன்: இதை விரும்பிப் படிக்கக்கூடியவர்கள் இரண்டு பேரை உங்களுக்குத் தெரியுமா?

இல்லை, இப்போதே சொல்ல வேண்டும் என்றில்லை. யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அது கிடக்கட்டும், உங்கள் வீட்டில் ஏதோ கடகடவென்று சத்தம் கேட்கிறதே?