எழுந்து நிற்காத மருமகள்

பெருமதிப்பிற்குரிய பெரியண்ணனுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் முட்டிவலியும் கோபமும் ஓரளவு இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உள்ளே வந்தபோது என் மருமகள் நாற்காலியை விட்டு எழவில்லை என்று, காப்பியைக்கூடத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். தப்பு எங்கள் மேல்தான், மன்னிக்க வேண்டும். ஆனால் அண்ணா, அவளுக்கு இது ஆறாம் மாதம். போதாக்குறைக்கு, நாம் சொல்லாமலே இதயத்தையும் ரத்தத்தையும் ஓட்டுகிற நரம்புகள் அவளுக்கு மக்கர் பண்ணுகின்றன. சட்டென்று எழுந்தால் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி, நெஞ்சு தடதடவென்று அடித்து, ஆளே பொத்தென்று விழுந்துவிடுவாள். இது தெரியாத நாளில் எனக்கு மரியாதை கொடுக்க எழுந்து ஜன்னல் திரையோடு சரிந்தாள், ஆபீசில் மேலாளருக்காக எழுந்து அவர் மேலேயே சாய்ந்தாள், கடைசியில் டாக்டருக்கே எழுந்து நின்றாள், அவர் தாங்கிப் பிடித்து, "ஏம்மா, நான் என்ன ஜட்ஜா? உக்காரும்மா!" என்று கத்திவிட்டார். ஜட்ஜ் வந்தால் கோர்ட்டையே எழுப்பி நிறுத்தின டவாலி நான், இப்போ வீட்டுக்குள்ளே "உக்காரு, உக்காரு"ன்னு கூவிக்கிட்டுத் திரியறேன்! அவள் கண்ணில் படக்கூடாதென்று நான் குனிந்தபடியே நுழையப் போக, அவளைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மா திருடன் என்று அலறிவிட்டார். டாக்டர் அவளுக்கு உப்பைக் கூட்டச் சொல்லியிருக்கிறார், எனக்கோ ரத்தக்கொதிப்பு, உப்பே ஆகாது. தட்டு மாறிப்போய் நான் ஆகா ஓகோ என்று சாப்பிட்டேன், பாவம், அவள் தலைசுற்றி உட்கார்ந்தாள். அவளுக்கு இறுக்கமான காலுறையை மாட்டிவிடுவதற்குள் பையனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

குழந்தை நல்லபடியாகப் பிறக்க, மூத்தவர் நீங்கள் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அவள் நிற்காத குறைக்கு, இந்தக் கடிதம் முழுவதையும் நான் நின்றபடியே எழுதுகிறேன். அண்ணிக்கு எங்கள் வணக்கம்.

உங்கள் கோபத்துக்கு ஆளான,
தம்பி

பி.கு.: உறையில் போடுமுன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். "மாமா, அன்னைக்கு எனக்குத் தலைசுத்தல் ஒண்ணும் இல்லை. மெதுவா எழுந்திருக்கத்தான் போனேன். 'இந்தச் சீக்காளிப் பொண்ணு பிள்ளையை ஒழுங்காப் பெத்துக் குடுக்குமா'ன்னு பெரிய மாமா வாசல்லயே அத்தைகிட்ட கேட்டாரு. அதான் எழுந்திருக்கலை" என்றாள். என் பெண்டாட்டி இதைப் பற்றி என்னிடம் மூச்சே விடவில்லை. அதனால் அண்ணா, மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இனி கேட்க வேண்டியது நீங்கள், அதுவும் அவளிடம். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், காப்பி உண்டு. இந்தப் பின்குறிப்பை நான் உட்கார்ந்துதான் எழுதினேன்.