பார்த்து வாங்குபவரும் மடக்குக் கத்தியும்

சாமான் வாங்குகிறவர்களில் பல தினுசு உண்டு. கடைக்குள் நுழைந்ததும் கையில் தட்டுப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் ஒரு தினுசு. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதையே, அதே நிறத்தில் வாங்குகிறவர் இன்னொரு தினுசு. இவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை, எப்படியோ வாங்கிவிடுகிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது வேறொரு ரகம். பார்த்து வாங்குபவர். இவர் பார்ப்பார். நன்றாகப் பார்ப்பார். வாங்குவாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நீங்கள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு எதிரே போனால், மற்றவர்கள் "நல்லா இருக்கே" என்பார்கள். இவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்பார். இவர் வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்காக அடித்த ஆணி பல காலமாகக் காத்திருக்கும். கடிகாரம் இன்னும் ஆலோசனையில் இருக்கும். நேரம் என்ன என்று கேட்டால் கைப்பேசியைப் பார்த்துச் சொல்வார். அந்தக் கைப்பேசியை வாங்கியவர் அவர் மனைவி.

எனக்குத் தெரிந்த ஒருவரையே சொல்கிறேன். கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கண்ணைச் சோதிப்பதில் கெட்டிக்காரர். உங்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று நீங்கள் இழுத்தால் அவருக்குப் பொறுக்காது. "சட்டுனு சொல்லுங்க சார், யோசிச்சா கண்ணு குழம்பிடும்!" என்று அதட்டுவார். ஊருக்கு உபதேசம் அவ்வளவு கறார்.

இந்தக் கறார் மனிதருக்கு ஒரு நாள் காலையில் ஆசை வந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளர், தயாரான கண்ணாடியை வாங்க வந்தார். கண்ணாடிக் கூட்டைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் நூலை அறுக்கக் கண்ணாடிக்காரர் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவர் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். கட்டைவிரலால் லேசாக ஒரு தள்ளு. டக். மென்மையான சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. நூல் அறுந்தது, கத்தி மடங்கியது, வந்த வழியே பைக்குள் போனது.

"சார், அதைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தேன் நிறத்தில் மரப்பிடி. ரேகை ஓடிய மரம், கை பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்தது. நல்ல கனம், ஆனால் பாரம் இல்லை. நம்மவருக்கு உள்ளுக்குள் ஏதோ இளகிவிட்டது. பொம்மைக் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற வயதுக்கு அப்புறம் அவருக்கு இப்படி ஒரு பொருள்மேல் மனம் போனதில்லை.

வேறு யாராக இருந்தாலும் "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டு மறுநாளே வாங்கியிருப்பார்கள். நம்மவர் கேட்டது, "இது என்ன மரம்?"

அதோடு ஆரம்பித்தது.

வால்நட் மரமா, ஆலிவ் மரமா, கருங்காலியா என்று முதலில் பார்த்தார். வால்நட் பார்க்கக் கௌரவம், ஆனால் ஈரம் பட்டால் நிறம் மங்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆலிவில் ரேகை அழகு, ஆனால் ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இருக்காது. படத்தில் பார்த்தது கைக்கு வராது. கருங்காலிக்குக் குறையே இல்லை, அதனாலேயே சந்தேகம் வந்தது. மரம் முடிவதற்குள் எஃகு குறுக்கே வந்தது: துருப்பிடிக்காதது சீக்கிரம் மழுங்கும், மழுங்காதது துருப்பிடிக்கும். அடுத்து, விரித்த அலகு விரல்மேல் மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு. அதில் எத்தனை வகை, ஒவ்வொரு வகைக்கும் எத்தனை பக்தர்கள், அவர்களுக்குள் எத்தனை சண்டை! கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் கண்ணாடிக்காரர் கைப்பேசியில் யாரோ ஒருவர் கத்தியை விரிப்பதையும் மடக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். டக், டக், டக். கண் சோதிக்க வந்த பெரியவர் ஒருவர், கடையில் பல்லி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தனக்கென்று இருக்கும் பிரேக்கின்மேல் காலை வைத்துப் பிழைப்பவர். எதையும் யோசித்துக்கொண்டிருக்க அந்தத் தொழில் விடுவதில்லை.

"ஒரு பேனாக்கத்திக்கு இத்தனை பாடா?"

"பேனாக்கத்தி இல்ல. மடக்குக் கத்தி."

"சரி, மடக்குக் கத்தி. அதை வச்சு என்னதான் வெட்டப்போறீங்க?"

இந்தக் கேள்வி அவர் ஆராய்ச்சியில் எங்கேயும் வந்திருக்கவில்லை. கொஞ்சம் தடுமாறினார். "ஒரு அவசரம்னா வேணுமில்ல?" என்றார்.

அவசரம்! இந்த இனத்தார் வாயில் இந்தச் சொல் வருவதே ஓர் அதிசயம்.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரைக்குப் போகும் யோசனை எழுந்தது. மனைவியின் தங்கை, தங்கை கணவர், ஆரம்பப் பள்ளியில் படிக்கும் அவர்கள் மகள் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவாயிற்று. யார் யார் என்ன கொண்டுவருவது என்று பேசும்போது நம்மவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கத்தி என் பொறுப்பு. வேற யாரும் கொண்டுவர வேண்டாம்" என்று அறிவித்துவிட்டார். சகலை நல்ல மனிதர். பார்க்காமல் வாங்கும் தினுசு. "சரிண்ணே" என்று விட்டுவிட்டார். மனைவிதான் புருவத்தை உயர்த்தினார்.

சனிக்கிழமை மாலை. கத்தி வரவில்லை. மனைவியே அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கத்திக் கடையில் நிறுத்தினார். கடைக்காரப் பெண்மணி ஒரு பச்சைத் துணியை விரித்து, மரப்பிடிக் கத்திகளை வரிசையாக வைத்தார். கண்ணாடிக்காரர் ஒன்றை எடுத்தார், விரித்தார், மடக்கினார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். முதலாவதைத் திரும்ப எடுத்தார். இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மனைவி ஒரு முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். கடைக்காரப் பெண்மணி முகத்தில் சிரிப்பு மாறாமல் நின்றார். இந்த ரகம் அவருக்குப் புதிதல்ல.

"ஆலிவ் நல்லா இருக்கு. ஆனா கையில உட்கார்றது வால்நட்தான்" என்றார் நம்மவர்.

"அப்ப வால்நட்டே எடுத்துக்குங்க சார்."

"ஆனா ஆலிவ் நல்லா இருக்கே."

பெண்மணி கடையைப் பூட்ட வேண்டும் அல்லவா? "ஒண்ணு பண்ணுங்க. வால்நட்டை எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் வச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா கொண்டுவந்து மாத்திக்குங்க. ஆனா ஒரு நிபந்தனை" என்றார்.

"என்ன?"

"எதையும் வெட்டக் கூடாது. அலகுல ஒரு கீறல் இருந்தாக்கூட திருப்பி எடுக்க மாட்டேன்."

இதைவிட நல்ல செய்தியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. வாங்கியும் ஆயிற்று, வாங்கவும் இல்லை. பார்த்து வாங்குபவருக்குச் சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு வாரம்தான்.

மறுநாள் ஏரிக்கரை. நிழலில் விரிப்புகளை விரித்து, கூடைகளை இறக்கி, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெரிய தர்பூசணி ஒன்று நடுவில் வந்து அமர்ந்தது. வெட்டாத ரொட்டி ஒன்று. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் கேக்.

"அண்ணே, கத்தி" என்று கையை நீட்டினார் சகலை.

கால்சட்டைப் பைக்குள் வால்நட் பிடி தொடையில் உறுத்தியது. கண்ணாடிக்காரர் தர்பூசணியைப் பார்த்தார். அதன் சாறு மரத்தில் இறங்கினால் என்னாகும் என்று நினைத்தார். ஆலிவை நினைத்தார். பச்சைத் துணியை நினைத்தார்.

"அடடா! மறந்துட்டேனே" என்றார்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். கார் சுவரை நோக்கிப் போகும்போது மாணவர்களைப் பார்க்கிற பார்வை.

அப்புறம் என்ன? சகலை தர்பூசணியைத் தூக்கி ஒரு கல்லின்மேல் போட்டார். பாதி மண்ணுக்குப் போயிற்று, மீதி எல்லோர் சட்டைக்கும் வந்தது. ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். கேக் பெட்டியின் கயிற்றைக் கொழுந்தியாள் பல்லால் கடித்து அவிழ்த்தாள். "பரவாயில்லை மாமா, மறக்கிறது சகஜம்தானே" என்று அவள் ஆறுதல் வேறு சொன்னாள். நம்மவர் கை கால்சட்டைப் பைப் பக்கம் போயிற்று. எடுத்துவிடலாமா என்று நினைத்தார்; ஆனால் இனிமேல் எடுத்தால் மறந்தது பொய் என்று ஆகிவிடுமே! பொய்யைக் காப்பாற்றுவதா, கத்தியைக் காப்பாற்றுவதா என்ற கவலையே இல்லை. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றதும் பிழைத்துக்கொள்ளும். கையை எடுத்துக் கேக்கில் வைத்தார்.

அப்போதுதான் ஏரியிலிருந்து அலறல் கேட்டது.

சின்னவள் முழங்கால் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். யாரோ மீன்பிடிக்கிறவர் விட்டுப்போன நைலான் நரம்பு அவள் கணுக்காலில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுமுனை தண்ணீருக்குள் எதிலோ சிக்கியிருந்தது. பயந்துபோய்க் காலை இழுக்க இழுக்க, நரம்பு இன்னும் இறுகியது. சகலை பாய்ந்து ஓடி மகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இழுத்துப் பார்த்தார், குழந்தை துடித்தாள். நரம்பு சதைக்குள் பதிந்து ரத்தம் கசிந்தது. கடித்துப் பார்த்தார், பல் வழுக்கியது.

"கார்ச் சாவியைக் கொண்டாங்க! அதால அறுக்க முடியுமா பாருங்க!" என்று கத்தினாள் கொழுந்தியாள்.

கண்ணாடிக்காரர் தண்ணீருக்குள் எப்போது இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. காலில் பூட்ஸ் இருந்தது, கையில் கத்தி விரிந்திருந்தது. "அசையாதடா செல்லம். பெரியப்பா வந்துட்டேன். என் மூக்கைப் பாரு, அதை மட்டும் பாரு" என்றார். கடுகளவு திருகாணிகளைப் பிடித்துப் பழகிய விரல்கள் நரம்புக்கும் தோலுக்கும் நடுவே இம்மி இடம் தேடின. அலகின் முதுகைத் தோல் பக்கம் வைத்து, வெட்டும் விளிம்பை வெளிப்பக்கம் திருப்பி, மெல்ல ஒரு நெம்பு. நரம்பு தெறித்தது. இன்னொரு சுற்று. அதுவும் தெறித்தது. சிவந்துபோன அந்தச் சின்னக் கால் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

கரையில் உட்காரவைத்து, காயத்தைக் கழுவி, கைக்குட்டையால் கட்டினார்கள். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகியது. எல்லோருக்கும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் அறிவும் வந்தது. எல்லோர் கண்களும் மெல்லத் திரும்பி, கண்ணாடிக்காரர் கையில் நின்றன.

"அண்ணே," என்றார் சகலை, சட்டையில் காய்ந்துகொண்டிருந்த தர்பூசணிக் கறையைத் தடவிக்கொண்டே, "கத்தி இருந்துச்சா?"

நம்மவர் குனிந்து, நனைந்த பூட்ஸைப் பார்த்தார்.

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெரியப்பா, இது உங்க கத்தியா?" என்று கேட்டாள்.

அலகின் நுனி எதன்மேலோ பட்டு, நன்றாகக் கீறல் விழுந்திருந்தது. பிடியில் தண்ணீர் இறங்கி, ஓரம் கறுத்திருந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"ஆமாடா. என்னோடதுதான்" என்றார்.

சொன்ன பிறகுதான், தான் ஒரு முடிவு எடுத்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. வலிக்கவே இல்லை! மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். சிரித்தாரா, கண்ணைத் துடைத்தாரா என்பது சரியாகத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் ரொம்ப நல்லவர். கத்தியில் கீறல் விழுந்துவிட்டதல்லவா, அதைத் தீட்ட ஒரு கல் வேண்டுமல்லவா? எண்ணெய் விட்டுத் தீட்டும் கல்லா, தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லா, சொரசொரப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். சின்னவள் கால் ஆறி, ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறாள். கல் இன்னும் வரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு இந்த வியாதி கிடையாது என்று நானும் நம்பத்தான் விரும்புகிறேன். எதற்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ, "நான் அப்படி எதையாவது பார்த்துட்டே இருக்கேனா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்பார்.