ஸ்ட்ராபெரிக்கு ஒரு திருத்தம் போடவும்

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பெரியம்மாவின் தோள்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் பிள்ளை வண்டு சுகமா இல்லையா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே என்பதால், அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகிறேன்.

நாளைக் காலை அச்சுக்குப் போகும் உங்கள் இதழில், போன வாரம் நான் எழுதிய ஸ்ட்ராபெரி கட்டுரைக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் பெரியப்பா. "சில குழந்தைகளுக்கு இந்தப் பழம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோல் சிவந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டவும்." இரண்டே வரிதான். இதைக் கட்டுரையிலேயே எழுதியிருக்க வேண்டியவள் நான். தலைப்புக்குப் பத்து நன்மை வேண்டும் என்றீர்கள். வைட்டமின் சி, நார்ச்சத்து, ஃபோலேட், இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை குறைவு என்று இழுத்துப் பிடித்து ஒன்பது வரைக்கும் வந்துவிட்டேன், பத்தாவது கிடைக்கவில்லை, பக்கத்திலும் இடமில்லை, எனவே கடைசியில் இருந்த இந்த எச்சரிக்கையை அடித்துவிட்டு "மனதுக்கு மகிழ்ச்சி தரும்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மகிழ்ச்சியைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சட்டம் எனக்குத் தெரியும். "தப்புப் பண்ணினவங்க பேரு கீழ இருந்தாத்தான் அது திருத்தம், இல்லேன்னா வெறும் வதந்தி"ன்னு நீங்கள் எல்லோரிடமும் சொல்வீர்கள். போடுங்கள் பெரியப்பா. என் பேரைப் போடுங்கள், வாங்கிய உணவியல் பட்டத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். போட்டால் எனக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

உங்கள் பத்திரிகையில் வாராவாரம் வரும் அந்த ஆரோக்கியப் பக்கத்தை எழுதுவது நான்தான் என்று என் மாமனாருக்குத் தெரியாது. அவர் முப்பது வருஷம் நிலம் அளந்த சர்வேயர். வாயால் சொன்னது எதையும் நம்பமாட்டார், தாளில் இருந்தால்தான் அது எல்லை. நான் உணவியல் படித்தவள், ஆனால் இந்த வீட்டில் நான் எது சொன்னாலும் "அப்படியாம்மா" என்று கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார். உங்கள் பத்திரிகை சொன்னால், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே இங்கே சட்டம் அமலுக்கு வந்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டுவுக்கு பிஸ்கட் கொடுக்காதீங்க மாமா என்று இரண்டு மாதம் சொன்னேன், நடக்கவில்லை. "மாலை பிஸ்கட் இரவுச் சாப்பாட்டைக் கெடுக்கும்" என்று உங்கள் பக்கத்தில் ஒரு வரி போட்டேன், மறுநாள் பிஸ்கட் டப்பா அலமாரி உச்சிக்கு ஏறிவிட்டது. "சாப்பிடும் குழந்தையிடம் ஓயாமல் பேசாதீர்கள்" என்று எழுதினேனே, அது யாருக்காக என்று நினைத்தீர்கள்? இரண்டு வருஷமாக உங்கள் வாசகர்கள் அத்தனை பேரும் என் மாமனாருக்கு நான் எழுதியதைத்தான் படித்து ஆரோக்கியமாக இருக்கிறார்கள். என் பேர் வெளியே வந்தால் பக்கமும் போச்சு, என் ராஜ்யமும் போச்சு.

இப்போது எழுந்து போய், தூங்குகிற வண்டுவைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சு சீராக இருக்கிறது. உதடு வீங்கவில்லை. வாயைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் மாதிரி சிவப்பு.

எங்கே விட்டேன்? வண்டு மூன்று வயசாகியும் சாப்பிட வாயைத் திறக்காத பிள்ளை என்பது உங்களுக்கே தெரியும். பால் வேண்டாம், முட்டை வேண்டாம், வாழைப்பழம் என்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். போன மாதம் எடை பார்த்த டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, "ம்" என்றார். அந்த "ம்"மை நான் இன்னும் முழுங்கவில்லை. இந்த நிலைமையில்தான் ஸ்ட்ராபெரி கட்டுரை வந்தது. மாமனார் அதைக் கத்தரித்து ஃபைலில் ஒட்டிவிட்டுப் பழக்கடைக்குப் போய், கடைக்காரரிடம் ஃபோலேட்டில் ஆரம்பித்துப் பத்து நன்மையையும் ஒப்பித்திருக்கிறார். கடைக்காரர், "சார், அந்தப் பக்கத்துல எனக்கு ஒரு காப்பி குடுங்க" என்று வாங்கி, லேமினேட் பண்ணித் தராசுக்கு மேலே தொங்கவிட்டுவிட்டார். இன்று கடைப்பக்கம் போனேன், நாலு அம்மாக்கள் அதைப் படித்துக்கொண்டே பழம் பொறுக்குகிறார்கள். வீட்டிலோ, "குழந்தையின் கைப்பிடி அளவு" என்று நான் எழுதியிருந்ததால், அவர் வண்டுவின் முஷ்டியைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டுக்குள் அடங்குகிற மாதிரி பழங்களை அடுக்கி, ஒன்று வெளியே துருத்தினால் அதை எடுத்துத் தான் சாப்பிட்டு, மீதியை நீட்டினார். பெரியப்பா, வண்டு வாயைத் திறந்தது. தானாக. "இன்னொண்ணு" என்றது. நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அதுதான். சாறு கன்னத்தில் வழிய விடக்கூடாதே என்று ஒவ்வொரு பழத்துக்கும் நான் பக்கத்திலேயே நின்று வெட் வைப்ஸால் துடைத்துவிட்டேன், இரண்டு பாக்கெட் தீர்ந்து மூன்றாவது ஓடுகிறது, அவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டும் நாலாவது நாள் சிவப்பு வந்துவிட்டது. எந்தப் பழத்துக்கு வாய் திறந்ததோ அந்த வாயைச் சுற்றியே! மாமனாரிடம் போனேன்.

"மாமா, ரெண்டு நாளைக்குப் பழத்தை நிறுத்திப் பார்ப்போமா?"

"ஏம்மா?"

"வாயைச் சுத்தி சிவந்திருக்கு, பாக்கலையா?"

"பார்த்தேன். பழத்தால சிவக்கும்னு பத்திரிகையில போடலையே."

"அவங்க எல்லாத்தையும் போட்டுருவாங்களா மாமா?"

"போடுவாங்கம்மா. அதை எழுதறவங்க நல்லாப் படிச்சவங்க."

"நானும் படிச்சவதான் மாமா!"

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. பிறகு ஏதோ கேட்க வாயெடுத்து, என் கையிலிருந்த வைப்ஸ் பாக்கெட்டைப் பார்த்து, கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். பழத்தை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நிலத்துக்கடியில் புதைந்த எல்லைக் கல்லையே கண்டுபிடித்தவருக்குத் தயிர் ஒரு மறைப்பா?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், யார் எங்கே மாட்டிக்கொண்டாலும் பதறமாட்டார். "ஒரே வீட்டுல இருக்கீங்க, ரெண்டு பேரும் நேரா பேசித் தொலைங்களேன்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிட்டார். என்ன பேசுவது? "மாமா, அந்தப் பத்திரிகை நான்தான், நான் சொல்றேன், நம்பாதீங்க" என்றா?

இதற்கு நடுவில் நீங்கள் வேறு. நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது போன் பண்ணி, பேரும் முகவரியும் போடாமல் பச்சை மையில் எழுதும் அந்த வாசகரின் கேள்வியை வாசிக்கிறீர்கள். "குழந்தைக்கு ஒரு நாளில் எத்தனை வெட் வைப்ஸ் உபயோகிக்கலாம்?" ஒரே வாரத்தில் இரண்டு தடவை! இது ஒரு கேள்வியா? வைப்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவராக இருக்கும். இவர்தானே ஆறு மாதம் முன்னால், "மருமகள் காலையில் சாப்பிடாமல் வேலை பார்த்தால் உடம்புக்கு ஆகுமா?" என்று கேட்டவர்? எந்த வீட்டு மருமகளோ, பாவம், எப்போதும் ஒரு கண் அவள் தட்டின் மேலேயே. இந்த வாரம் அவருக்குப் பதில் கிடையாது என்று தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடியும் போய்ப் பார்த்தேன். நாளை பதினொரு மணிக்கு டாக்டர். அவர் என்ன சொன்னாலும் சரி, மாமனார் நம்பப்போவது உங்கள் பத்திரிகையைத்தான், அதனால் திருத்தம் வந்தே ஆகவேண்டும். தராசுக்கு மேலே தொங்குகிற பக்கத்துக்குப் பக்கத்தில் இதுவும் தொங்க வேண்டும். இதோடு பக்கத்தை எழுதுவதையும் நிறுத்திக்கொள்கிறேன். வீட்டு ஆளிடம் நேரே பேசத் தெரியாதவள் ஊருக்குப் புத்தி சொல்லக்கூடாது. காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் அச்சகம் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார், கடிதத்தை அவரே கொடுப்பார். பெரியம்மாவுக்கு என் வணக்கம், தோளில் கனமான எதையும் தூக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதம் வண்டுவின் கன்னத்துக்கு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் வராத உங்கள் மகள்

பின்குறிப்பு: பெரியப்பா, அச்சை நிறுத்துங்கள். இல்லை, திருத்தத்தை நிறுத்துங்கள். கவர் தேடி மாமனாரின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். கவர் இருந்தது. கவருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மைப் பேனா இருந்தது. அதற்குக் கீழே ஃபைல். ஒவ்வொரு வாரத்துப் பக்கத்துக்கும் எதிரில், நான் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்ட என் கையெழுத்துப் பிரதியை நீவி எடுத்து ஒட்டியிருக்கிறார், இரண்டு வருஷத்துக்கும். பிஸ்கட் வரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் "சரி". ஓயாமல் பேசாதீர்கள் வரிக்குப் பக்கத்தில் "இது எனக்கு". கடைசியில் ஒரு பழைய பக்கம் தனியாகச் செருகியிருந்தது, நானே எட்டு மாதம் முன்னால் எழுதியது, எழுதியதையே மறந்துவிட்டேன்: "குழந்தையின் வாயைச் சுற்றி வெட் வைப்ஸால் அடிக்கடி துடைத்தால் தோல் சிவக்கும்." அடியில் இரண்டு கோடு. பக்கத்தில் இந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு, "மருமகளிடம் சொல்ல வேண்டும். எப்படி?"

பதினொரு மணிக்கு டாக்டரிடம் போகத்தான் போகிறேன். ஆனால் அவர் முதலில் என்ன கேட்பார் என்பது எனக்கு இப்போதே தெரிந்துவிட்டது. எச்சரிக்கையை அடுத்த வாரப் பக்கத்தில் நானே ஒழுங்காக எழுதித் தருகிறேன், பக்கத்தை நிறுத்துவதாகச் சொன்னதை அடித்துவிடுங்கள். திருத்தத்துக்கு வைத்திருந்த இடத்தில் இந்தப் பதிலைப் போடுங்கள்:

"வெட் வைப்ஸ் பற்றிக் கேட்ட வாசகருக்கு: நீங்கள் கேட்டது சரியான கேள்வி. சாப்பிட்டு முடித்ததும் ஒரு தடவை வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றினால் போதும். உங்கள் மருமகள் இனிமேல் காலையிலும் சாப்பிடுவாள். அடுத்த கேள்வியை நீங்கள் கூடத்திலேயே கேட்கலாம், தபால்தலை வேண்டாம்."

கீழே பேர் போடாதீர்கள். அவருக்குத் தெரியும்.