ஏகாதசியன்று காங்கிரீட்

ஆமா மாமா, விட்டுட்டேன். நீங்க கார்டுல கேட்டதுக்கு இதுதான் பதில். எம்.இ. கட்டுமான மேலாண்மை, மூணாவது செமஸ்டரோட ஆளை விடுங்கடான்னு வந்துட்டேன்.

மரியாதையை முதலில் எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டது. திண்டுக்கல் டோமினிக் மாமா அவர்களுக்கும் பெலிண்டா அத்தைக்கும் மருமகன் பிரவீன்ராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. எடமலைப்பட்டி புதூரில் எல்லோரும் சுகம். விஷயம் தெரியாததால் அப்பா கொஞ்சம் கூடுதல் சுகம். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லும், அதனால்தான் கடிதம்.

தங்கச்சி லிசி கல்யாணப் பத்திரிகை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் என் பெயருக்குப் பின்னால் பி.இ., அதற்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் எம்.இ. என்று போடச் சொல்லியிருக்கிறார் அப்பா. பையன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமாம். ஆயிரம் பத்திரிகையும் அச்சான பிறகு உண்மை தெரிந்தால் கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டில் ஒரு அடக்கம் நடக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் தாய்மாமன் நீங்கள்தான் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பில் சேரச் சொன்னதும் நீங்கள்தான் என்பதை மரியாதையோடு ஞாபகப்படுத்துகிறேன்.

ஏன் விட்டாய் என்று அவர் கேட்பார். இதைச் சொல்லுங்கள். எங்கள் பேராசிரியர் செந்தமிழன் சார் கட்டுமானத் தாமதம் பற்றி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் ஆனவர். ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டுகிறார். அதையே எங்களுக்கு 'லைவ் புராஜெக்ட்' என்று கொடுத்தார். அதாவது அவர் வீட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் சம்பளமில்லாத சூப்பர்வைசர், கேட்டால் மார்க் உண்டு. எந்த நாளில் எந்த வேலை என்று கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டது நான்தான். அந்த சாஃப்ட்வேரில் லீவு நாளெல்லாம் அமெரிக்காக்காரன் போட்டது. நவம்பரில் வான்கோழி தின்ன லீவு உண்டு, வைகுண்ட ஏகாதசிக்குக் கிடையாது. சரியாக அன்றைக்கு ரூஃப் காங்கிரீட் என்று காட்டியது. நானும் கவனிக்கவில்லை, அது என் தப்புதான். மருதை மேஸ்திரி ஒரு பார்வையிலேயே பிடித்துவிட்டார்.

"சார், அன்னிக்கு சொர்க்கவாசல். ஸ்ரீரங்கத்துக்குள்ள ஒரு கரண்டிகூட எடுத்துட்டு வர முடியாதுங்க."

"மேஸ்திரி, அட்டவணைன்னா அட்டவணை. ஒரு நாள் நகத்தினா மொத்த வேலையும் நகரும்."

"நம்பெருமாளே அன்னிக்கு எழுந்து வெளிய வர்றாருங்க. உங்க காங்கிரீட் ஒரு நாள் தள்ளி நிக்கக் கூடாதா?"

சார் சிரித்தார். படித்தவர்கள் மட்டும் ஒரு மாதிரி சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

ஏகாதசி விடியற்காலை, காங்கிரீட்டைக் கலந்தபடியே கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரியில் டிரைவர் அப்துல் ஹலீம் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். காவிரிப் பாலத்துக்கு முன்னாடியே போலீஸ் மறிச்சாச்சு. முன்னால் போக முடியாது, பின்னால் பஸ் வந்து நின்னுடுச்சு, நடுவுல நாங்க, முதுகுல டிரம் சுத்திக்கிட்டே இருக்கு. நடந்து போற பொம்பளைங்கள்ல ஒருத்தங்க நின்னு பாத்தாங்க.

"ஏம்ப்பா, இதுலதான் பொங்கல் கிண்டுறாங்களா?"

"ஏகாதசி அன்னிக்கு ஏதுடி பொங்கல்? குடிதண்ணி லாரியா இருக்கும். பாட்டில எடு."

அவ்வளவுதான் மாமா, லாரிக்குப் பின்னால வரிசை நின்னுடுச்சு. நான் இறங்கி ஒவ்வொருத்தர்கிட்டயா "அம்மா, இது சிமென்ட்டுங்க, சிமென்ட்டுங்க"ன்னு கெஞ்சுறேன். ஒரு பெரியவர், "தண்ணிய வச்சுக்கிட்டே இல்லைங்கிறான் பாரு, நல்ல நாளும் அதுவுமா"ன்னு சாபம் விட்டுட்டுப் போறாரு. சாருக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு மணி நேரம் கூடுதலா ஒதுக்கி வச்சிருக்கோமே, அதை யூஸ் பண்ணு!"

"சார், அது போன மணியோட காலி."

ஹலீம் பாய் டிரம்மைத் திரும்பிப் பார்த்துட்டு, "தம்பி, இன்னும் அரை மணி போனா உள்ள ஒரு தூணே நிக்கும். யாருக்கு வேணும்னு கேட்டு வைங்க"ன்னார். கடைசியில பஸ் நகர்ந்து வழி விட, திரும்பிப் போய் ரெடிமிக்ஸ் கம்பெனி யார்டுலயே கொட்டினோம். அங்க சைட்ல சென்ட்ரிங் பலகை மேல சார் மட்டும் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கிட்டுத் தனியா நின்னுக்கிட்டு இருந்தாராம். மேஸ்திரியும் ஆளுங்களும் கோயில் வரிசையில.

இதுகூடப் பரவாயில்லை. மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். "தாமதத்துக்கான காரணம்னு மூணு பக்கம் அறிக்கை எழுது. மேஸ்திரி அலட்சியம்னு போட்டுடு, அந்தாளை மாத்திடலாம்" என்றார். ஒரே ஒரு மனுஷன் முன்னாடியே சொன்னான், அவனையே பலி குடுக்கணுமாம். நான் மூணு பக்கம் எழுதலை. ஒரே வரி எழுதினேன், 'காரணம்: பேராசிரியர்.' மார்க் முட்டை. பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். இப்ப மருதைகிட்டயே வேலை. அவர் அட்டவணை சட்டைப் பைக்குள்ள இருக்கிற சிகரெட் அட்டை. அதுல பௌர்ணமி, அமாவாசை, முகூர்த்தம், புனித வெள்ளி, பக்ரீத் எல்லாம் இருக்கு. எந்த லாரியும் எங்கயும் நிக்கலை. இந்தக் கோர்ஸ்ல படிக்கிறவன் முட்டாள், படிக்க வைக்கிறவன் அதைவிட முட்டாள், நீங்க நீங்கலா. அப்பாகிட்ட இதைத் தைரியமா சொல்லுங்க, அவர் கத்தினா

அப்பா வண்டிச் சத்தம் கேக்குது. நான் போறேன் மாமா.

பி.கு.: இது நேற்று எழுதியது, தபாலில் போடவில்லை. இன்றைக்குக் காலையில் துறைத் தலைவி பிரேமலதா மேடம் கூப்பிட்டாங்க. "இந்த வருஷம் நம்ம டிபார்ட்மென்ட்ல வந்த ஒரே உண்மையான டேட்டா உன் ஒரு வரிதான்ப்பா"ன்னு சொன்னாங்க. அதை அவங்களே 'கோயில் திருவிழாவும் கட்டுமானத் தாமதமும்'னு கட்டுரையாக்கி அனுப்பி, கொச்சி மாநாட்டுல தேர்வும் ஆயிடுச்சாம். முதல் பேரு என்னுது, ரெண்டாவது சாருது. மருதைக்கு நன்றி போட்டிருக்கு. காரணம்ங்கிற இடத்துல இருந்த 'பேராசிரியர்'ஐ இன்னிக்கு 'உள்ளூர்ப் பண்பாட்டுக் காரணிகள்'னு மாத்தினதும் நான்தான். மாணவனா இருந்தாத்தான் மேடையில பேச விடுவாங்களாம், அதனால பத்து மணிக்கே போய் மறுபடி சேர்ந்துட்டேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. மேடையில போட்டுக்கணும், உங்க கல்யாண போட்டோவுல இருக்கிற கறுப்புக் கோட்டைப் பூச்சி அரிக்காம இருந்தா உடனே பார்சல் பண்ணுங்க. கை நீளமா இருந்தாலும் பரவாயில்லை, மடிச்சுக்கிறேன்.