அளவுகோலுக்கு வேப்பிலை கட்டிய கதை

வாயைத் திறக்காமல் இருந்தால் வம்பு வராது என்பார்கள். அப்படிச் சொன்னவரை எங்கள் ஊர்ப் பாலத்தடியில் ஓர் ஆடி வெள்ளியன்று நிற்க வைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கூச்சம் உண்டு. சாதாரணக் கூச்சம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது திருப்புலிவனத்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, உத்திரமேரூர் வரைக்கும் போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தவன் நான். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு மாவு மில் வைத்ததும் அதனால்தான். மெஷின் ஓடினால் அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கென்றே கண்டுபிடித்த தொழில்.

என் மகள் நிவேதா நேர் எதிர். கல்லூரியில் கட்டடக்கலை படித்தாள். கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது, எங்கள் ஏரியின் உபரிக் கால்வாய் மேல் நிற்கும் மூன்று கண் பாலத்தை. யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பாலத்தைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் போட்டோ எடுப்பாளாம். கம்ப்யூட்டர் அவற்றை ஒட்டுப் போட்டு, உள்ளே அச்சு அசலாக ஒரு பாலத்தை நிறுத்திவிடுமாம். பிறகு வெங்காயம் உரிப்பது மாதிரி அதை உரித்துக்கொண்டே போகலாமாம். கடைசியாக வந்த சிமெண்ட் கைப்பிடிச் சுவரை எடு, நடுவில் முட்டுக்கொடுத்த கருங்கல்லை எடு, முதலில் கட்டிய செங்கல் வளைவு மட்டும் நிற்கும். பாலத்தின் வயசு ஒவ்வொரு காலமாகத் தெரிந்துவிடும்.

ஆனால் அவசரம். பாலத்தை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டப் போகிறார்கள், திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது. அதற்குள் போட்டோ எடுத்தால்தான் உண்டு. விட்டால் பாலமும் போச்சு, பட்டமும் ஒரு வருடம் தள்ளிப் போச்சு.

வெள்ளிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கல்லூரியிலிருந்து வாங்கி வந்த ஆளுயர அளவுகோல் ஒன்றைப் பாலத்தின் வலது கண்ணுக்குப் பக்கத்தில் மணலில் நட்டாள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை பட்டையாக இருந்தது. (கோயில் மதில் மாதிரி. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.)

"அப்பா, இத்த யாரும் தொடக் கூடாது. விரக்கடை கூட நகரக் கூடாது. பாலம் எவ்ளோ பெருசுன்னு கம்ப்யூட்டர் இத்த வெச்சிதான் கணக்குப் போடும்."

இரண்டு கண் முடிந்தது. மூன்றாவதற்கு வரும்போது கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டது. ஊரில் கரண்ட் இல்லை. "உத்திரமேரூர் போயி சார்ஜ் போட்டுக்கினு வந்துடறேன். கோல பாத்துக்கோ" என்று ஸ்கூட்டியில் பறந்தாள்.

நான் காவல் நின்றேன். செருப்பு சேற்றில் ஒட்டியதால் கழற்றி ஓரமாக வைத்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கட்டிக்கொண்டேன். வெறுங்காலோடு, கை கட்டி, கோலுக்கு எதிரில், ஆடி வெள்ளியில்.

அப்போதுதான் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கூடையும் மண்வெட்டியுமாகக் கால்வாய்க் கரையில் வந்தார்கள். முன்னால் வந்தது எங்கள் தெருக் கன்னியம்மா.

"இன்னாண்ணா, மில்ல வுட்டுட்டு இங்க நின்னுக்கினு கீற?"

சிரித்தேன். கன்னியம்மா கோலைப் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். கட்டிய கையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சாமியா?"

'இல்லம்மா, அளவுகோல்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எச்சிலை விழுங்கினேன். விழுங்கும்போது தலை ஆடித் தொலைத்தது.

"பாலத்த இடிக்கப் போறாங்கன்னு ஆத்தா இவுரு கனவுல வந்து சொல்லிக்கீறாடி! அண்ணனுக்கு வாயே வர்ல பாரு. அருளு," என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினாள் கன்னியம்மா.

"அவுருக்கு என்னிக்கு வாய் வந்துச்சு?" என்றாள் பின்னால் ஒருத்தி.

"கம்முனு கெட. போயி வேப்பல ஒடச்சிக்கினு வா."

வேப்பிலை வந்தது. மஞ்சள் வந்தது. சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த கூழ்த் தூக்குகள் கோலுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தன. நான் ஒரு முயற்சி செய்தேன். செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. 'வேண்டாம்' என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். கன்னியம்மா கும்பிட்டுத் தலையைக் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் குனிந்தார்கள். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

கோல் காற்றில் சாயக் கூடாது என்று அடியில் மூன்று கல்லை வைத்து இறுக்கினார்கள். ஆகவே அது விரக்கடை கூட நகரவில்லை. என் மகள் சொன்னதை அந்த அளவில் காப்பாற்றிவிட்டேன்.

நிவேதா திரும்பி வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா... கோல் எங்க?"

கண்ணால் காட்டினேன். மஞ்சள் துணியும் வேப்பிலையும் நெற்றியில் குங்குமமுமாக நின்றது.

"இன்னாப்பா இது!" கேமராவைக் கட்டிக்கொண்டு கிட்டத்தட்ட அழுதுவிட்டாள். "அக்கா, அது என் காலேஜ் கோலு. வேப்பலய எல்லாம் எடுங்க!"

"ஆத்தாளயா எடுக்கச் சொல்ற?" கன்னியம்மா அவள் கையில் ஒரு சொம்பு கூழைத் திணித்தாள். "மொதல்ல செருப்ப கயட்டு. படிச்ச புள்ள மாதிரியா வர்றா பாரு."

வேறு வழியில்லை. மூன்றாவது கண்ணை அவள் அம்மனோடு சேர்த்தே போட்டோ எடுத்தாள். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. வீட்டில் என் மனைவி மட்டும் பேசினாள். "இந்த மனுசன நம்பி காவல் வெச்சியே, ஒன்ன சொல்லணும்டி."

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். போனை எடுத்து, "சார், இங்க அம்மன் கீது. நான் கை வெக்க மாட்டேன். எனக்கு பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க" என்றார். அடுத்து வந்த டிரைவரும் அதையேதான் சொன்னார். கடைசியில் புதுப் பாலத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். பழைய பாலம் இன்றும் நிற்கிறது.

ப்ராஜெக்ட் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. காலைப் போட்டோவில் வெறும் கோல், மதியப் போட்டோவில் அம்மன். கம்ப்யூட்டர் குழம்பி, பாதி கோல் பாதி அம்மனாக ஒன்றைச் செய்துவிட்டது. பக்கத்தில், உடம்பில்லாமல், தூக்கிய கை ஒன்று தனியாக மிதந்தது. (என்னுடையதுதான். மகள் வந்த பிறகும் நான் அதை இறக்கவில்லை போலிருக்கிறது.) பல நாள் உட்கார்ந்து சரிசெய்து பார்த்தாள். கை போகவே இல்லை.

தேர்வன்று திரையில் பாலத்தை உரித்துக் காட்டியிருக்கிறாள். செங்கல் காலம், கருங்கல் காலம், சிமெண்ட் காலம். கேள்வி கேட்க வந்தவர் கையைக் காட்டி, "இது எந்தக் காலம்மா?" என்று கேட்டாராம்.

"எங்க அப்பா காலம், சார்."

முழுக் கதையையும் கேட்டுச் சிரித்துவிட்டு, பழைய பாலத்தில் கடைசியாக நடந்த மாற்றத்தை நேரில் பார்த்து எழுதியவள் நீதானம்மா என்று சொல்லிப் பாஸ் போட்டாராம். கல்லூரியில் கோலைத் திருப்பிக் கேட்டார்கள். அது இப்போது தகரக் கொட்டகைக்குள் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறது. யார் போய்க் கேட்பது? நானா?

ஒவ்வோர் ஆடி வெள்ளிக்கும் முதல் சொம்புக் கூழ் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. கன்னியம்மா கொடுத்துவிட்டுத் தலையைக் குனிவாள். நான் இன்றும் ஒன்றும் சொல்வதில்லை.

விருந்தாளிகள் வந்து, நான் வழக்கம்போல் வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தால், என் மனைவி உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்: "யாராச்சும் அவுர பேச வைங்க. அன்னிக்கு அர நாளு பேசாம நின்னதுக்கே ஒரு கோயிலு வந்துச்சு. இன்னும் கொஞ்சம் வுட்டா வூட்டுக்குள்ளயே கோபுரம் கட்டிடுவாங்க!"