பதினோரு பேரைத் துரத்தியவர்

முட்டைக்கோஸ் நான்காவது மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

எமெட் குவிக்லி மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்ல முன்னேற்றம். இன்னும் அரை முட்டைக்கோஸை நறுக்கி உள்ளே தள்ளிவிட்டு, எல்லா ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தினார்.

பதினொரு மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டார்கள். சட்டப்படி கதவைத் திறந்தே ஆக வேண்டும். வீடு மணக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

கனடாவின் ஹாமில்டனில், எஃகு ஆலைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தச் செங்கல் வீட்டில் எமெட்டும் அவர் மனைவி டோரீனும் இருபத்தாறு வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். சொந்தக்காரர் மிர்கோ நல்ல மனிதர். எண்பது வயதாகிவிட்டதால், மேற்கே கால்கரி நகரில் இருக்கும் மகனிடம் போய்விட முடிவு செய்து, போன மாதம் வீட்டை விற்பனைக்குப் போட்டார்.

"வாங்கறவன் எங்கள என்ன பண்ணுவான், மிர்கோ?"

"அது அவன் பாடு எமெட். வித்தப்புறம் என் பேச்சை யார் கேட்பா?"

மீதியைக் காபிக் கடையில் பழைய சிநேகிதன் லைல் சொல்லி முடித்தான். "வீடு கை மாறினா அறுபது நாள். மூட்டையக் கட்ட வேண்டியதுதான். என் மச்சானுக்கு அப்படித்தான் ஆச்சு."

"சட்டமே அப்படியா?"

"பின்னே, டோனட் டப்பாவைப் பார்த்துப் படிச்சா சொல்றேன்?"

எமெட் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தவர். வண்டி ஓடினால் ஆபத்து என்றால் வண்டியை ஓடவிடக் கூடாது. வீடு விற்றால் ஆபத்து என்றால் விற்கவிடக் கூடாது. அவ்வளவுதான்.

ஆபத்து அவருக்கல்ல, டோரீனுக்கு.

ஐந்து வருடமாக டோரீனுக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருந்தது. முதலில் சாவி வைத்த இடம், அப்புறம் கிழமை, அப்புறம் மகளின் பெயர். வீடு மட்டும் மறக்கவில்லை. மறக்காதபடி எமெட் பார்த்துக்கொண்டார். படுக்கையிலிருந்து குளியலறை வரை தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார். கழிப்பறை இருக்கையைச் சிவப்பாக மாற்றினார். தட்டும் கோப்பையும் கண்ணில் படட்டும் என்று சமையலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றிவிட்டார். அவள் தெருவில் இறங்கிவிடாமல் இருக்க, வாசல் கதவின் உட்பக்கத்துக்குச் சுவரின் நிறத்தையே அடித்தார்.

போன கோடையில் மகள் வீட்டுக்கு நான்கு நாள் போனார்கள். நான்கு நாளும் குளியலறையைத் தேடி, துணி அலமாரிக்குள் நின்று டோரீன் அழுதாள். திரும்பி வந்த அன்று மஞ்சள் டேப்பின் மேலேயே நடந்து போய்ப் படுத்தவள் பதினான்கு மணி நேரம் தூங்கினாள்.

இன்னொரு வீட்டுக்குப் போனால் இவள் மிஞ்ச மாட்டாள். எமெட்டுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"என்ன நாத்தம் இது, மிஸ்டர் குவிக்லி?" தரகர் கெய்லா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சமையல். மன்னிச்சுக்கணும்."

மன்னிப்புக் கேட்காமல் யாரையும் துரத்த எமெட்டால் முடியாது. ஊர் வழக்கம் அப்படி.

முதலில் வந்தவர் வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுகிற ஆசாமி. கழற்றி வைத்த ஷூவை இரண்டே நிமிடத்தில் மறுபடி மாட்டிக்கொண்டார். ஒருவர் காலி.

அடுத்து வந்த பல் டாக்டருக்குப் பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே மூன்று வாடகை வீடுகள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பத்தான் பார்த்தார். அதற்குள் டோரீன் எழுந்து வந்துவிட்டாள்.

"வாங்க, வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும். எமெட் வேலையிலேர்ந்து இப்ப வந்துடுவார்."

எமெட் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அருமையான வீடுங்க," என்று டோரீன் டாக்டரின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இங்க வந்ததிலேர்ந்து எனக்குச் சளியே பிடிச்சதில்ல."

டாக்டர் ஒரு கிண்ணம் சாப்பிட்டார். இன்னொரு கிண்ணமும் கேட்டார். எமெட் அவரைத் தனியே அழைத்துப் போய், பனி உருகும் ஒவ்வொரு ஏப்ரலிலும் தரைக்கடியில் இருக்கும் அடித்தள அறையில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் என்று காதோடு சொன்னார். டாக்டர் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கெய்லா இரண்டு ஆட்களோடு வந்தாள். அடித்தளத்தைத் தட்டினார்கள், அளந்தார்கள், விளக்கடித்துப் பார்த்தார்கள். பொட்டு ஈரமில்லை. இருந்தாலும் மிர்கோ பயந்துபோய்ப் புது பம்ப் வாங்கி வைத்தார். விளம்பரத்தில் 'உலர்ந்த அடித்தளம், நிபுணர் சோதித்தது' என்று ஒரு வரி கூடியது. அந்த வாரம் வந்தவர்கள் இரண்டு மடங்கு.

எமெட் ஹீட்டர் குழாயை ஸ்பேனரால் தட்டிப் பேய்ச் சத்தம் எழுப்பினார். நான்கு பேர் ஓடினார்கள். புதுக் குழாய் வந்தது. முட்டைக்கோஸ் வாடை போக வேண்டுமென்று வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தார்கள். இருபத்தாறு வருடத்தில் நடக்காத ரிப்பேர் எல்லாம் மூன்று வாரத்தில் நடந்து, வீடு கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

"உங்களுக்கு நான் நன்றி சொல்லணும்," என்றாள் கெய்லா. அவள் கேலி செய்கிறாளா என்று எமெட்டுக்குப் புரியவில்லை.

பிறகு அந்த அண்ணன் தம்பி வந்தார்கள். ஊரில் ஆறு வீடு வைத்திருப்பவர்கள்.

"எத்தன வருஷமா இருக்கீங்க, சார்?"

"இருபத்தாறு."

"வாடகை ஒழுங்கா வந்துடுமா?"

"ஒரு மாசம் தவறினதில்ல." ரோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

தம்பி அண்ணனைப் பார்த்தார். இரண்டு முகங்களிலும் வெளிச்சம்.

"எவ்வளவு குடுக்கறீங்க?"

சொன்னார்.

"வாரத்துக்கா?"

"மாசத்துக்கு. மன்னிச்சுக்கணும். வருஷா வருஷம் அரசாங்கம் சொல்ற துளிக்கு மேல ஏத்தவும் முடியாது."

அண்ணன் தம்பி ஷூ கயிற்றைக்கூடக் கட்டாமல் கார் ஏறினார்கள். மொத்தம் எட்டுப் பேர் காலி.

இவ்வளவு சுலபமான ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டா முட்டைக்கோஸ் வேகவைத்தோம் என்று எமெட் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். அதன் பிறகு யார் வந்தாலும் வாசலிலேயே வாடகையைச் சொன்னார். ஒன்பது, பத்து. பதினோராவது ஆள் காரை விட்டே இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் டோரீன் அவரை மரியாதையாகக் கேட்டாள், "நேரமாச்சே. உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"நல்ல மனுஷன் நீங்க. இருந்து ரொட்டி சாப்பிட்டுட்டுப் போங்க."

எமெட் இருந்து ரொட்டி சாப்பிட்டார்.

திங்கட்கிழமை கெய்லா வந்து சோபாவில் சாய்ந்தாள். "ஜெயிச்சுட்டீங்க. வாடகைக்கு விடுற ஆள் எவனும் இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான். மிர்கோ விலையைக் குறைச்சுட்டார். நானும் விளம்பரத்தை மாத்திட்டேன்."

"எப்படி?"

"குடும்பமா குடியேற நினைக்கிறவங்களுக்குன்னு. சனிக்கிழமை பத்து மணிக்கு ஒருத்தங்க வர்றாங்க. இந்தாங்க, எழுத்துல."

யாராக இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டார் எமெட்.

சனிக்கிழமை வந்தவள் பெயர் மரிசெல். ஆஸ்பத்திரி நர்ஸ். பதினைந்து வருடத்துக்கு முன் மணிலாவிலிருந்து வந்தவள். அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அம்மா நின்றாள். எமெட் வாடகையைச் சொல்ல வாயைத் திறந்தார். மரிசெல் அவரைப் பார்க்கவேயில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டேப்பை யார் ஒட்டினது, சார்?"

"நான்தான்."

"ஏன் மஞ்சள்?"

ஐந்து வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. டோரீனைப் பார்க்கும் டாக்டர் கேட்டதில்லை, மகள் கேட்டதில்லை.

"முதல்ல கறுப்பு ஒட்டினேன். பள்ளம்னு பயந்து தாண்டினா. நீலம் ஒட்டினேன். தண்ணின்னு ஷூவைக் கழட்டினா. மஞ்சளைப் பார்த்துச் சிரிச்சா. அதையே விட்டுட்டேன்."

மரிசெல் சிரிக்கவில்லை. "அலமாரிக் கதவெல்லாம் எங்க?" என்றாள். அவர் விளக்கினார். சிவப்பு இருக்கையைக் காட்டினார். சுவராகிவிட்ட வாசல் கதவைக் காட்டினார். எந்தக் கண்ணாடியை ஏன் மூட வேண்டும், எந்த விளக்கு அணையவே கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினார். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நடுவில் அவளுடைய அம்மாவைக் காணவில்லை. மரிசெல் பதறி ஒவ்வொரு அறையாக ஓடினாள். குளியலறையில் ஃப்ளஷ் இழுக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் டேப்பின் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து, அம்மா தானாகவே திரும்பி வந்தாள்.

"தனியா போய் வந்து ஒன்றரை வருஷமாச்சு," என்ற மரிசெல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டோரீன் அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இருவரும் அவரவர் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை. அதனால் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

வாசலில்தான் எமெட்டுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது.

"நாங்க குடுக்கற வாடகை ரொம்பக் கம்மி," என்றார்.

"பரவாயில்ல, சார். எனக்கு அது தேவைப்படாது."

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. வாங்குபவரின் தாயார் குடியேறுவதற்காக, அறுபது நாளில் காலி செய்ய வேண்டும். கூடவே கையால் எழுதிய ஒரு சீட்டு. 'உங்களிடம் இதைக் கேட்க எனக்கு வாயில்லை. மன்னிக்க வேண்டும். போகும்போது அந்த மஞ்சள் டேப்பை எடுக்காமல் விட்டுவிட்டுப் போக முடியுமா?'

எமெட் சீட்டை மூன்று முறை படித்தார். கோபப்பட முயன்றார். வரவில்லை.

மறுநாள் டோரீனையும் அழைத்துக்கொண்டு சட்ட உதவி மையத்துக்குப் போனார். வாடகைக்காரர்களுக்கு அங்கே இலவச ஆலோசனை. மேஜைக்குப் பின்னால் இருந்த ஆலோசகர் ஒடெட் நோட்டீஸை இரண்டு பக்கமும் படித்தாள்.

"அந்த அம்மா நிஜமாவே குடி வர்றாங்களா? சும்மா பேருக்குன்னா நாம எதிர்த்து வாதாடலாம்."

ஒரு பொய் போதும். பதினோரு பேரிடம் வாய் கூசாமல் பேசியவர்தான்.

"நிஜம்தான்," என்றார் எமெட். "நான் பார்த்தேன்."

ஒடெட் பேனாவை மூடினாள்.

எமெட் தானாகவே பேச ஆரம்பித்தார். முட்டைக்கோஸைச் சொன்னார். இல்லாத வெள்ளத்தைச் சொன்னார். குழாயில் பேயை வரவழைத்ததைச் சொன்னார். ஒடெட் முதலில் புன்னகைத்தாள். 'வாரத்துக்கா' என்று அண்ணன் தம்பி கேட்ட இடத்தில் வாய்விட்டே சிரித்தாள். டோரீனும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பதினோரு பேர் என்று எமெட் விரல் விட்டு எண்ணிக் காட்டியபோது ஒடெட்டின் சிரிப்பு நின்றது.

"அந்தப் பதினோரு பேரும் எதுக்கு வாங்க வந்தாங்க?"

"வாடகைக்கு விடத்தான். எல்லாரும் பிசினஸ்காரங்க. ஒருத்தனை விடல நான்."

ஒடெட் டோரீனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"வீடு கை மாறினா வாடகைக்காரர் வெளிய போகணும்னு சட்டமே இல்ல, மிஸ்டர் குவிக்லி. அந்தப் பதினோரு பேர்ல யார் வாங்கியிருந்தாலும் நீங்க அங்கயேதான் இருந்திருப்பீங்க. தானோ தன் குடும்பமோ குடியிருக்கன்னு வாங்கறவங்களால மட்டும்தான் உங்கள வெளியேத்த முடியும்."