பிளக்கைப் பிடுங்கும் அண்ணன்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரின் பிளக்கைச் சிரித்துக்கொண்டே பிடுங்குகிற இன்னொரு மனிதரைக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. கிள்ளானில் நான் வேலை பார்க்கும் சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொண்டவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எங்களுக்கு அவர் பிளக் அண்ணே.

நான் சேர்ந்த முதல் நாள், திடீரென்று எல்லாத் திரைகளும் உறைந்து நின்றன. பக்கத்து மேசை கமலா அக்கா "ஐயோ!" என்று அலறியதில் என் தே தாரிக் டீ சட்டையில் கொட்டியது. பிடித்த பாம்பைக் காட்டுகிறவர்போல, கையில் வயரோடு சர்வர் அறையிலிருந்து வெளியே வந்தார் அண்ணே.

"ஏண்ணே பிடுங்கினீங்க?" என்று கேட்டேன்.

"புது செட்டிங் போட்டு சேவ் பண்ணேன் லா. அது ஞாபகம் வெச்சிருக்கான்னு தெரிய வேணாமா? தூங்க வெச்சு எழுப்பிக் கேட்டாத்தானே தெரியும்!"

விஷயம் இதுதான். ரவுட்டரில் நாம் செய்யும் மாற்றம் உடனே வேலை செய்யும். ஆனால் சேமிக்காவிட்டால் கரண்ட் போனதும் அழிந்துவிடும்; மறுபடி எழும்போது, கடைசியாகச் சேமித்ததைத்தான் அது எடுத்துக்கொள்ளும். அவருக்கு முன்னால் இருந்தவர் சேமிக்க மறந்து, ஒரு மின்வெட்டில் மொத்த வேலையும் காணாமல் போனதாம். அதனால் அண்ணே எதையும் நம்புவதில்லை.

மனிதர்களையும்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், எழுதிக்கொள்ளாமல் நகர்ந்த பரிமாறுபவரை நிறுத்தினார். "பாஸ், கண்ண மூடித் தொறந்துட்டு ஆர்டரச் சொல்லுங்க."

அவர் மட்டனுக்குப் பதில் மீன் என்றார்.

"பாத்தியா? சேவ் ஆவல!"

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் உயிரே போய்வந்தது. துறைமுக வாசலில் லோரிகள் வரிசையாக நிற்க, கப்பலுக்கான பத்திரங்களை நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து ரவுட்டரில் ஏதோ ஒரு கட்டளையைத் தட்டினார் அண்ணே. மொத்த நெட்வொர்க்கும் செத்தது.

மேனேஜர் ஓடிவந்தார். "என்ன ஆச்சு?"

"எல்லாரையும் நெட்வொர்க்க விட்டு வெளிய தள்ளிட்டேன் பாஸ். என்னையும் சேத்து. இனி உள்ள போக வழியில்ல."

அண்ணே திடீரென்று குதித்தார். "சேவ் பண்ணல! பாஸ், நான் சேவ் பண்ணவே இல்ல!" லாட்டரி அடித்தவர்போல மேனேஜரைக் கட்டிப்பிடித்தார். மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தோம். அவர் உள்ளே ஓடிப் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார்.

பழைய செட்டிங்கோடு ரவுட்டர் எழுந்தது. பிரிண்டர் இருமிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. லோரிகள் நகர்ந்தன. மேனேஜர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிளக் அண்ணே இப்போது செராஸில் வேறு வேலையில் இருக்கிறார். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் கரண்ட் போய் வந்தது. எல்லாம் தானாகச் சரியானது. யாரும் அலறவில்லை. அந்த அமைதி என்னவோபோல இருந்தது. அவருக்குப் போன் போட்டேன்.

"என்னடா, செத்துப்போச்சா?"

"இல்லண்ணே. எல்லாம் நல்லா ஓடுது."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதாண்ணே."

"சாப்டியாடா?" என்றார்.